குளிக்காத பூனை மணப்பது எப்படி?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் ஒன்றரை வயதுப் பெட்டைப் பூனை இருக்கிறது. ஒருநாளும் குளிப்பாட்டியதில்லை. ஆனாலும் அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்தால் வறுத்த பயறு மாதிரி, வெயிலில் காய்ந்த துணி மாதிரி ஒரு நல்ல வாசம். பக்கத்து வீட்டு நாயை வாரம் தவறாமல் குளிப்பாட்டுகிறார்கள், வாடை போவதே இல்லை. பூனைக்கு வாசனைச் சுரப்பி ஏதாவது உண்டா? புனுகு என்பது இதிலிருந்து எடுப்பதுதானா?"

வட ஆர்க்காட்டில் முப்பது வருஷம் கால்நடை மருத்துவராக இருந்தவன் நான். 1989ல் ஒருமுறை, 2019ல் ஒருமுறை என்று மாவட்டத்தைக் கூறு போட்டுப் புதுப்பேர் வைத்தாலும் என் வாயில் அது வட ஆர்க்காடுதான். மாடும் ஆடும்தான் அன்றாட வேலை. பூனையை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்த காலமில்லை அது. கடைசிப் பத்து வருஷத்தில்தான் பிளாஸ்டிக் கூடையில், பழைய துண்டில் சுற்றிப் பூனைகள் வரத் தொடங்கின. கொண்டுவருகிறவர்களில் பலர் நீங்கள் கேட்டதையேதான் கேட்பார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு. பூனையை மோந்து பார்க்கிறேன் என்று சொல்ல வெட்கம். நானும் மோந்து பார்ப்பவன்தான். என் தொழிலில் மூக்கும் ஒரு கருவி.

நேரே பதிலுக்கு வருகிறேன். நம் மூக்கு பிடிக்கிற அளவுக்கு நல்ல பூனைக்குச் சொந்த வாசம் கிட்டத்தட்ட இல்லை. நீங்கள் மோப்பது சுத்தமான மயிர், கொஞ்சம் வெயில், மிச்சமெல்லாம் உங்கள் வீடு. கடைசியாகச் சொன்னதை யாரும் லேசில் நம்புவதில்லை, அதனால் அதை நிதானமாகப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நாக்கு. பூனை உங்கள் கையை நக்கியிருந்தால் தெரியும், உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி இருக்கும். தொண்டையைப் பார்த்துச் சாய்ந்த முட்கள் அவை, நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டினால் ஆனவை. சொரசொரப்பான சீப்பு, அவ்வளவுதான் என்று ரொம்ப காலம் நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம். 2018ல் அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் அதை நுணுக்கமாகப் படம் பிடித்துப் பார்த்தார்கள். வீட்டுப் பூனை முதல் சிங்கம், புலி வரை ஆறு இனங்களின் நாக்கு. முள்ளின் நுனி கூராக இல்லை, சங்கில் பால் புகட்டும்போது பார்த்திருப்பீர்களே, அந்த மூக்கு மாதிரி குழிந்திருந்தது. ஒரு வீட்டுப் பூனையின் நாக்கில் இப்படிக் குழிந்த முள் சுமார் 290. விளக்குத் திரி எண்ணெயை இழுத்துக்கொள்வது போல ஒவ்வொரு குழியும் வாயிலிருந்து எச்சிலை இழுத்து வைத்துக்கொள்கிறது. நாக்கு மயிரின் மேல் ஓடும்போது அந்த எச்சில் மேலோடு நின்றுவிடாமல் அடியில், தோல் மட்டத்தில் போய் இறங்குகிறது. எண்ணெய்ப் பிசுக்கு, பொடி, உதிர்ந்த மயிர், வேட்டையாடியதில் ஒட்டிய ரத்தம் எல்லாம் அதோடு நாக்குக்கு வந்துவிடும். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய கால்வாசியைப் பூனை இதற்கே செலவழிக்கிறது. எந்த மனுஷன் அவ்வளவு நேரம் குளிக்கிறான்?

அதே ஆய்வில் இன்னொரு செய்தி எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். அப்படித் தடவிய எச்சில் காயும்போது உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. பூனை தன் சூட்டைத் தணித்துக்கொள்வதில் கால் பங்கு இதனால்தானாம். கத்திரி வெயிலில் காட்பாடி மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் என் வீட்டுப் பூனை வழக்கத்தைவிடக் கூடுதலாக நக்கிக்கொண்டே கிடக்கும். அரிப்போ என்று முதலில் பயந்தேன். அது குளித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நீரில்லாத ஆறு என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள் இல்லையா. பாலாற்று மணலைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் குளிக்கத் தெரிந்த பிராணி மேல் ஒரு தனி மரியாதை. பூனையின் மூதாதையும் வறண்ட பூமிக்காரன்தான், வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவின் காட்டுப்பூனை. சைப்ரஸ் தீவில் 9,500 வருஷத்துக்கு முந்தைய ஒரு குழியில் மனிதனுக்குப் பக்கத்தில் பூனையையும் புதைத்திருந்தார்கள். அவ்வளவு நாளாக நம்மோடு இருந்தும் குளியல் பழக்கத்தை அது நம்மிடமிருந்து கற்றுக்கொள்ளவில்லை.

வாசம் நாக்கினால்தான் என்பதற்கு என் கண்ணால் பார்த்த சாட்சி ஒன்று. கருத்தடை ஆபரேஷன் செய்த பூனைக்குத் தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாட்டி அனுப்புவோம். பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வரும்போது அந்தப் பூனையை மோந்து பாருங்கள். நாள்பட்ட தலையணை உறை வாடை அடிக்கும். புனலைக் கழற்றி மேசையில் விட்டால் முதல் வேலையாக ஓடாது. அங்கேயே உட்கார்ந்து தோள்பட்டையிலிருந்து தொடங்கி, முன்னங்காலை நனைத்துக் காதுக்குப் பின்னால் தேய்த்து, வால் நுனிவரை ஒரு சடங்கு மாதிரிச் செய்யும். ஒருமுறை அப்படி ஒரு பூனை முக்கால் மணி நேரம் மேசையை விட்டுத் தராததால், வெளியே ஆட்டுக்குட்டியோடு வந்தவர் காத்துக்கிடந்தார். மறுநாள் அந்தப் பூனை வீட்டுக்காரர் போனில் சொன்னார், "வாசன திரும்பி வந்துட்ச்சி சார்." மூன்று வாரம் புனல் மாட்டிய பூனைகள் மேல், மாட்டாத பூனைகளைவிடத் தெள்ளுப்பூச்சி ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது என்றும் ஒரு பழைய சோதனை உண்டு. நக்குவது அழகுக்காக மட்டும் இல்லை என்று தெரிகிறது அல்லவா.

பெர்சியன் பூனைக்கு இந்தக் கணக்கு உதவாது. அதன் மயிர் ஆழத்துக்கு நாக்கு முள் எட்டுவதில்லை. இப்போது வேலூரிலும் அதை வாங்குவது ஒரு மோஸ்தர். தினம் சீப்பு போடாவிட்டால் அடிமயிர் திரிந்து சிக்கு விழும், உள்ளே தோல் வேகும், வாடையும் வரும். இந்த வெயிலில் அந்தப் பூனையை வாங்குவதைப் பற்றி என் அபிப்பிராயத்தை இங்கே எழுதினால் சண்டை வரும், விடுகிறேன்.

சரி, நாய்க்கும் நமக்கும் ஏன் வாடை? நம் உடம்பு நெடுக வேர்வைச் சுரப்பி. வேர்வைக்கே பெரிய நாற்றம் கிடையாது. அக்குளில் இன்னொரு வகைச் சுரப்பி கொழுப்புக் கலந்த சாறு விடுகிறது, அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று கழிப்பதுதான் நாம் மூக்கைப் பொத்தும் வீச்சம். பூனைக்கு நம் மாதிரி நீராக வேர்க்கும் சுரப்பி உள்ளங்காலில்தான். பயந்துபோன பூனையை ஸ்டீல் மேசையில் வைத்தால் ஈரமாகப் பாதச்சுவடு விழும், அவ்வளவே அதன் வேர்வை. நாய்த்தோலில் எண்ணெய்ப்பசை கூடுதல், காதுமடலும் தோல் மடிப்பும் ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் நல்ல குடியிருப்பு, தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் பொறுமையும் அதற்கு இல்லை. நனைந்தால் அந்த நுண்ணுயிர் விட்டுவைத்த சமாச்சாரமெல்லாம் ஆவியாகக் கிளம்பும். பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள், வாரா வாரம் சோப்புப் போட்டால் நாயின் தோல் வறண்டுபோகிற கதையும் உண்டு.

இதற்குப் பின்னால் பிழைப்புக் காரணமும் இருக்கிறது. நாயின் மூதாதை கூட்டமாக ஓடித் துரத்திப் பிடிக்கிறவன். வாடை அடித்தால் என்ன, ஓடுகிற மானுக்குத் தெரிந்துதான் ஓடுகிறது. பூனை தனியாகப் பதுங்கி, எலிக்கு இரண்டடி தூரத்தில் மூச்சுவிடாமல் காத்திருந்து பாய்கிறது. எலியின் மூக்கை ஏமாற்ற முடியாவிட்டால் அன்றைக்குப் பட்டினி. தானும் சின்னப் பிராணி என்பதால் தன்னைத் தின்ன வருபவரிடமிருந்தும் மறைய வேண்டும். மலத்தை மண் தள்ளி மூடுவதும், வேட்டை முடிந்த கையோடு முகம் கழுவுவதும் இந்த வகையில் சேர்த்தி. வாடையை அழிப்பதுதான் அதன் நோக்கம். நமக்கு அது நறுமணமாகப் படுகிறது.

இனி வீடு. மயிர் என்பது வாசனையைப் பிடித்துவைக்கும் பஞ்சு. தலைக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பூனைக்குத் தலை முதல் வால் வரை மயிர், தனக்கென்று வாடை இல்லை, தினம் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் படுத்துத் தூங்கும். எங்கே படுக்கிறதோ அந்த வாசம்.

குடியாத்தத்தில் ஒரு லுங்கித் தறி வீடு. அந்த வீட்டு அம்மா கவலையோடு வந்தார். "இன்னா சார், எங்க பூனைக்கு மேலெல்லாம் கஞ்சி வாசன வருது. வயித்துல ஏதாச்சும் புளிச்சிகினு கீதா?" வயிற்றை அமுக்கிப் பார்த்தேன், கல் மாதிரி ஆரோக்கியம். மோந்தேன். வடித்த கஞ்சி ஆறும்போது வருகிற அதே இனிப்பு வாசம். "பாவுக்குக் கஞ்சி போடறீங்களா?" என்றேன். "ஆமா." "பூனை எங்க படுக்குது?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார். கஞ்சி போட்டுக் காய்ந்த நூல் கட்டின் மேல்தான். பீடி சுற்றும் வீட்டுப் பூனைக்குப் புகையிலைத் தூள் வாசம் வருவதும் பார்த்திருக்கிறேன். அங்கே மட்டும் சிரிக்காமல், தூள் கிடக்கும் முறத்தில் படுக்க விடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன். மேலே ஒட்டியது நாக்கு வழியாக வயிற்றுக்குத்தான் போகும், நிக்கோடின் பூனைக்கு விஷம்.

இன்னொன்று ராணிப்பேட்டைப் பக்கம். தோல் பதனிடும் கம்பெனியில் வேலை செய்கிற ஒருவர், பூனை நாறுகிறது என்று கொண்டுவந்தார். "எத்தினி வாட்டி ஊத்திட்டேன் சார், போவல." அந்த வாடை எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு போனாலும் எந்த ஊர் என்று மூக்கே சொல்லிவிடும் காலம் ஒன்று இருந்தது. பூனையிடம் ஒரு வியாதியும் இல்லை. வீட்டில் கல்யாணம், ஊருக்குப் போகிறோம், நாலு நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். என் வீட்டு வராண்டாவில் விட்டேன். மூன்றாம் நாள் அந்த வாடை சுத்தமாக இல்லை, நான் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. திரும்பி வந்ததும் அவர் மனைவி பூனையைத் தூக்கி மோந்துவிட்டு, "இன்னா மருந்து சார் குடுத்தீங்க?" என்றார். அது எங்கே தூங்கும் என்று கேட்டேன். ஆணியில் மாட்டிய இவர் வேலைச் சட்டைக்குக் கீழே இருக்கும் அழுக்குக் கூடையில். பக்கத்தில் நின்ற மனுஷர் ஒன்றும் பேசாமல் தன் முழங்கைச் சட்டையை மெல்ல மூக்குக்குக் கொண்டுபோனார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நம் வீட்டு வாடை நமக்குத் தெரிவதில்லை. மூக்கு பழகிப்போய் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. எனக்கும்தான், என் சட்டையில் டிஞ்சரும் மாட்டுச் சாணமும் மணப்பதாக வீட்டில் முப்பது வருஷம் சொன்னார்கள், நான் ஒருநாளும் உணர்ந்ததில்லை.

பூனையின் சொந்த வாசம் எவ்வளவு சொற்பம் என்பதற்கு ஒரு வேடிக்கையான சோதனை இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் நாய் வளர்ப்பவர்களிடம் இரண்டு போர்வை கொடுத்தார்கள், ஒன்றில் அவரவர் நாய் படுத்தது, மற்றதில் யாரோ ஒருவருடைய நாய். மோந்து பார்த்துப் பெரும்பாலானோர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். 2002ல் அதையே பூனைக்காரர்களிடம் செய்தார்கள். காசைச் சுண்டிப் போட்டால் எவ்வளவு சரியாக இருக்குமோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் சரி. "என் செல்லத்தின் வாசம் எனக்குத் தெரியாதா" என்பவர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். பூனையின் கதை வேறு. 2025ல் டோக்கியோவில் 30 பூனைகளிடம் வளர்ப்பவரின் அக்குள், காது, கால்விரல் இடுக்கில் துடைத்த பஞ்சையும், அறியாத ஒருவரின் பஞ்சையும் வைத்தார்கள். அறியாதவருடையதைத்தான் வெகுநேரம் மோந்தன. நம்முடையது அவற்றுக்கு ஏற்கெனவே பாடம்.

வெயிலை மறந்துவிட்டேன். துணி உவமை சொன்னீர்களே, அது வெறும் உவமை இல்லை என்று நினைக்கிறேன். ஈரத் துண்டை வெயிலில் காயவைத்தால் பென்டனால், ஆக்டனால், நோனனால் போன்ற ஆல்டிஹைடுகள் உண்டாகின்றன என்று 2020ல் ஓர் ஆய்வு வந்தது. அந்த இதமான வாசம் அவற்றிலிருந்து வரலாம் என்கிறார்கள். பூனை செய்வதும் அதுதானே? எச்சிலால் நனைத்து, ஜன்னல் வெயிலில் போய்ப் படுத்துக் காயவைக்கிறது, மயிரில் லேசான எண்ணெய்ப்பசை வேறு. பூனை மயிரை வைத்து யாரும் செய்த சோதனை அல்ல, என் கணிப்புதான். மாலை நாலு மணிக்கு ஜன்னல் திண்ணையிலிருந்து இறங்கிவந்த பூனையையும், மழைநாள் பூனையையும் ஒருமுறை மோந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுரப்பி உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஏராளமாகவே உண்டு. கன்னம், மோவாய், உதட்டோரம், காதுக்கும் கண்ணுக்கும் நடுவில் மயிர் மெலிந்த இடம், வால் அடி, பாதம். உங்கள் காலில் முகத்தைத் தேய்ப்பது பாசம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். பாசமும்தான், கூடவே சொத்துக்கு முத்திரை வைப்பதும்தான். ஆனால் அந்தச் சுரப்பை நம் மூக்கு உணர்வதில்லை. கதவு நிலையில் பூனை மோவாயைத் தேய்த்த உயரத்தில் நாளடைவில் பழுப்பாக ஒரு கறை படியும். அதை விரலால் தொட்டு மோந்தாலும் ஒன்றும் தெரியாது. இன்னொரு பூனைக்கு அது முழுக் கடிதம்.

புனுகு இதிலிருந்து இல்லை. புனுகுப்பூனை என்று பேர் வைத்து நாமே குழப்பிக்கொண்டோம். அது பூனைக் குடும்பமே அல்ல, தனிக் குடும்பம். ஜவ்வாது மலையிலும் ஏலகிரிப் பக்கத்திலும் இரவில் திரிகிற பிராணி. அதன் உறவான இன்னொன்றை மரநாய் என்கிறோம், ஒன்றைப் பூனையாக்கி மற்றதை நாயாக்கிவிட்டார்கள் நம் முன்னோர். புனுகு அதன் பின்புறச் சுரப்பியில் ஊறும் களிம்பு. சவ்வாது என்ற சொல்லே அரபியில் புனுகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். திருமலையில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பின் மூலவருக்குப் புனுகு சாத்துவார்கள். 1911 வரை அந்தத் திருப்பதியும் வட ஆர்க்காட்டுக்குள்தான் இருந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. புனுகின் வாசத்துக்குக் காரணமான சிவெட்டோனின் அமைப்பை 1926ல் கண்டவர் ருசிச்கா என்ற வேதியியலாளர், 1939ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பச்சைப் புனுகு மூக்கைச் சுளிக்க வைக்கும், மலத்தில் உள்ள ஸ்கேட்டோல் அதிலும் உண்டு. நூற்றில் ஒரு பங்காகக் கரைத்தால் மணக்கும். மல்லிகையிலேயே இந்தோல் என்ற அதே ஜாதிச் சரக்கு இருக்கிறது. பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம்தான். இன்றைக்குப் பூவுக்கு அந்தச் சொல்லைப் போட்டால் பூக்காரம்மா அடிக்க வருவார். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அளவு மட்டும்தான் போலிருக்கிறது.

வறுத்த பயறு வாசம் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குப் புலி ஞாபகம் வந்தது. கொல்கத்தாவில் ரத்தன்லால் பிரம்மச்சாரி என்றொரு விஞ்ஞானி. புலி எல்லை குறிக்கப் பீய்ச்சும் நீரில் பாசுமதி வாசம் வருகிறதே என்று தேடிப்போய், பாசுமதியின் மணத்துக்குக் காரணமான 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற அதே பொருள் அதிலும் இருப்பதை 1990ல் நேச்சர் இதழில் எழுதினார். பொரித்த சோளத்தின் வாசமும் அதுவே. வடகிழக்கு இந்தியக் காட்டில் உள்ள பின்டுராங் என்ற புனுகுக் குடும்பத்துப் பிராணிக்கும் அந்த வாசம் உண்டு. அதனால் மிருகத்திடமிருந்து பிரியாணி அரிசி வாசம் வருவது நடக்காத காரியமில்லை. ஆனால் வீட்டுப் பூனையின் தலையில் அந்தப் பொருளைக் கண்டதாகச் செய்தி இல்லை. உங்கள் பூனைக்கு வேறு விளக்கம் வைத்திருக்கிறேன்.

மணக்கிற பிராணியின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கடுவன் பூனை சுவரில் அடிக்கும் மூத்திரத்துக்கு ஈடான நாற்றம் வீட்டுப் பிராணிகளில் குறைவு. ஃபெலினைன் என்ற கந்தகம் சேர்ந்த அமினோ அமிலம், காக்சின் என்ற புரதத்தின் உதவியால் உண்டாகிறது. வெளியே வந்ததும் சிதைந்து நாறுகிறது. பருவம் வருமுன் காயடித்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. உங்களுடையது பெட்டை, பிழைத்தீர்கள்.

பூனைக்குப் பிடித்த வாசம் எது என்று தனியாகக் கேட்டிருந்தால் ஒரு பக்கம் எழுதுவேன். சுருக்கமாக, உங்கள் வீட்டுச் சந்திலேயே முளைத்திருக்கும் குப்பைமேனி. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை முகம் தேய்த்து, உருண்டு, எச்சில் ஒழுகக் கிறங்கும். அதைப் பார்த்துத்தான் பூனைவணங்கி என்று பேர் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் பூனைகளுக்கென்று விற்கும் செடியில் உள்ள அதே குடும்பத்துப் பொருள் இதிலும் உண்டு. ஜப்பானில் அப்படியொரு கொடியை ஆராய்ந்தபோது, அதைத் தேய்த்துக்கொண்ட பூனையின் முகத்தில் கொசு குறைவாக உட்கார்ந்தது. வேலூர்ப் பூனைகளுக்கு அந்தத் தேவை அதிகம்.

இப்போது நான் கண்டிப்பாகப் பேசும் இடம். வாசத்தைக் கூட்டுகிறேன் என்று பவுடர், அத்தர், சாம்பிராணி எண்ணெய் எதையும் பூனை மேல் தடவாதீர்கள். நம் கல்லீரல் பல மருந்துகளையும் எண்ணெய்களையும் குளுக்குரோனிக் அமிலத்தோடு சேர்த்து வெளியேற்றிவிடும். பூனைக் கல்லீரலுக்கு அந்த வேலை சரியாக வராது. தரையில் ஊற்றும் பினாயில், தண்ணீரில் விட்டால் பாலாக மாறும் கிருமிநாசினி, தலைவலித் தைலம், அந்துருண்டை, கற்பூரம் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். பூனை அந்த ஈரத் தரையில் நடக்கும், பாதத்தை நக்கும், ராத்திரிக்குள் எச்சில் ஒழுகி நடுங்கும். நாய்க்கு உண்ணி போகப் போடும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டுக் கொண்டுவந்த ஒன்றை என்னால் காப்பாற்ற முடியவில்லை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கால் மாத்திரைகூடக் கூடாது. பினாயில் ஊற்றித்தான் ஆக வேண்டுமென்றால் தரை நன்றாகக் காய்ந்து, வெறும் தண்ணீரில் இன்னொருமுறை துடைக்கும் வரை பூனையை மாடியில் விடுங்கள்.

மோப்பதால் ஒரு லாபம் உண்டு. வாசம் மாறினால் நோய் என்று முதலில் சொல்வது உங்கள் மூக்குதான். வாயில் அழுகல் வாடை என்றால் பல் ஈறு. வயதான பூனையின் வாயில் அம்மோனியா நெடி வந்தால் சிறுநீரகத்தைச் சோதியுங்கள். நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பு நெடி, கூடவே தண்ணீர் அதிகம் குடிக்கிறது என்றால் சர்க்கரை. காதில் நெடியும் காப்பித்தூள் போன்ற அழுக்கும் இருந்தால் காதுப்பேன். மொத்த உடம்புமே பிசுக்காகி வாடை அடிக்கிறதென்றால் பூனை நக்குவதை நிறுத்திவிட்டது. பெருத்துப்போய் முதுகு எட்டவில்லை, அல்லது மூட்டு வலிக்கிறது, அல்லது உள்ளே ஏதோ சரியில்லை. குளிப்பாட்டுவது அதற்கு வைத்தியம் இல்லை.

தும்மல், இழுப்பு உள்ளவர்கள் மட்டும் உச்சந்தலையில் மூக்கை வைக்க வேண்டாம். ஃபெல் டி 1 என்ற புரதம் பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் இருக்கிறது. நக்கிக் காய்ந்த மயிரிலிருந்து பொடியாகப் பறந்து மூச்சில் ஏறும். மணக்கச் செய்கிற நாக்குதான் தும்மலையும் வைக்கிறது.

உங்கள் பூனை பகலில் எங்கே தூங்குகிறது என்று எழுதவில்லை நீங்கள். என் பந்தயம், மளிகை சாமான் அடுக்கும் அலமாரி. மேல் தட்டில் பொட்டுக்கடலை டப்பாவோ, வறுத்து வைத்த பாசிப்பயறோ, அரைத்து வந்த சத்துமாவு டின்னோ மூடி சரியாக மூடாமல் இருக்கும், அதற்குப் பக்கத்தில் மதிய வெயில் விழும் ஒரு ஜன்னலும் இருக்கும். நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குச் சத்தமில்லாமல் போய்ப் பாருங்கள். டின்னுக்குள் மயிர் கிடந்தால் மாவைச் சலித்துவிட்டுக் கஞ்சி காய்ச்சுங்கள்.